சித்தாரிடம் பாடம் கேட்ட கிதார்

(நமது நந்திதுர்க் நிருபர்)

தங்கவயலுக்குக் கிதார் புதிய சாமான் அல்ல. சுரங்கம் நடத்த வந்த வெள்ளைக்காரர்களோடும், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களோடும் சேர்ந்து அதுவும் இந்த ஊருக்கு வந்துவிட்டது. முதலில் கிளப் நடனத்துக்கு வாசித்தது. பிறகு மாதா கோவில் பாட்டுக்கு வாசித்தது. அப்புறம் மெல்ல மெல்ல லைன் வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது. இன்றைக்கு நந்திதுர்க், சாம்பியன் ரீப், மாரிக்குப்பம் எங்கே போனாலும் கிதார் வாசிக்கத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். கல்யாணக் கச்சேரி, கோவில் திருவிழா, பெங்களூர் ஓட்டல் என்று பிழைப்புக்கும் வாசிக்கிறார்கள்.

மேல்நாட்டுக் கோஷ்டிகளின் வாசிப்பை ஒரு சுரம் பிசகாமல் வாசித்துக் காட்டுவார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். "நீ சொந்தமாகக் கட்டின பாட்டு ஒன்று வாசி தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் பிறவியிலேயே வரணும் அண்ணே" என்று சிரித்து மழுப்பிவிடுவார்கள்.

பாட்டுக் கட்டுவது பிறவியிலேயேதான் வருமா? வராது என்பதற்குச் சாட்சியாக ஒருவர் இருந்தார். உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் கோஷ்டியில் நால்வரில் ஒருவராக இருந்த ஜார்ஜ் ஹாரிசன்தான் அவர். கிதாரும் பாட்டும் அவருக்கு எப்படிக் கைவந்தன, அதில் நம் நாட்டுக்கு என்ன பங்கு என்பதை நம் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பஸ் டிரைவர் மகன்

ஜார்ஜ் ஹாரிசன் 1943 பிப்ரவரி 25ந் தேதி இங்கிலாந்தில் லிவர்பூல் துறைமுக நகரில் பிறந்தார். பெரிய இடத்துப் பிள்ளை அல்ல. தகப்பனார் முன்பு கப்பலில் பணியாளராக இருந்து, பிறகு பஸ் கண்டக்டராகி, டிரைவர் ஆனவர். குடும்பம் குடியிருந்தது வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகளில் ஒன்று. கழிப்பிடம் வீட்டுக்கு வெளியே கொல்லையில். லைன் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பதின்மூன்று வயதில் அவருக்குக் கிடைத்த முதல் கிதாரின் விலை மூன்றரை பவுன். பழைய மலிவுச் சாமான். அதில் இருந்த ஒரு மரையைப் பையன் கழற்றிப் பார்க்கப் போக, கழுத்து தனியாக வந்துவிட்டது. திரும்ப மாட்டத் தெரியவில்லை. கொஞ்ச நாள் அலமாரியில் கிடந்த கிதாரை அண்ணன் சரிசெய்து கொடுத்தார். விரல் நோக நோகப் பழகினான் பையன்.

பள்ளிக்கூடம் போகும் பஸ்சில் பழக்கமானவர் பால் மெக்கார்ட்னி. அவர் மூலம் ஜான் லெனன் அறிமுகமானார். 1958ல் அவர்களுடைய கோஷ்டியில் ஜார்ஜ் சேர்ந்தபோது அவருக்குச் சுமார் பதினைந்து வயதுதான். படிப்பில் மனம் போகவில்லை. பள்ளியை விட்டு, ஒரு பெரிய துணிக்கடையில் மின்சார வேலைக்கு அப்ரண்டிசாகச் சேர்ந்தார். தகப்பனாருக்கு அதுதான் ஆசை. கைத்தொழில் ஒன்று இருந்தால் பிழைத்துக்கொள்வான் என்ற கவலை எந்த ஊர் தகப்பனுக்கும் ஒன்றுதானே!

1960ல் கோஷ்டி ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்குப் போனது. இரவு முழுவதும் மணிக்கணக்கில் மேடையில் வாசிக்கும் வேலை. பதினெட்டு வயது ஆகாதவர் என்று கண்டுபிடித்த போலீசார் ஜார்ஜை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அந்த இரவுகளில் கை நன்றாகப் பழுத்துவிட்டது.

இன்னொரு செய்தி: அப்போது கோஷ்டியில் டிரம் வாசித்த பீட் பெஸ்ட் 1941ல் நம் சென்னையில் பிறந்தவர். பீட்டில்ஸ் உலகப் புகழ் அடைவதற்குச் சற்று முன், 1962ல் அவர் நீக்கப்பட்டார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் ரிங்கோ ஸ்டார்.

லூப் லைனில் காத்திருந்த வண்டி

பீட்டில்ஸ் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் லெனனும் மெக்கார்ட்னியும்தான். இரண்டு எக்ஸ்பிரஸ்கள் மாறி மாறிப் பாய்ந்தபடி இருந்தால், லூப் லைனில் நிற்கும் கூட்ஸ் வண்டிக்குச் சிக்னல் எப்போது விழும்? ஜார்ஜின் நிலை அப்படித்தான் இருந்தது.

அவர் எழுதி, கோஷ்டி வெளியிட்ட முதல் பாட்டு 1963ல் வந்தது. கச்சேரிக்குப் போன ஊரில் உடம்பு சரியில்லாமல் ஓட்டல் அறையில் படுத்திருந்தபோது, நம்மாலும் பாட்டு எழுத முடிகிறதா பார்ப்போம் என்று ஒரு பயிற்சியாக எழுதிய பாட்டு அது. பெரிய பாட்டு என்று அவரே பிற்காலத்தில் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் எழுத முடியும் என்ற தைரியம் வந்துவிட்டது. 

அதற்குப் பிறகும் ஒரு இசைத்தட்டில் அவருக்கு ஒதுக்கப்பட்டது ஒரு பாட்டு, மிஞ்சினால் இரண்டு. 1966ல் வந்த 'ரிவால்வர்' இசைத்தட்டில் மூன்று கிடைத்தது. அதில் முதல் பாட்டு 'டாக்ஸ்மேன்'. சம்பாத்தியத்தில் மிகப் பெரும் பங்கை அப்போதைய பிரிட்டிஷ் சர்க்கார் வரியாகப் பிடித்துக்கொண்டதைக் கிண்டல் செய்த பாட்டு. காதலை விட்டு, நடப்பு விஷயத்தைக் குத்திக் காட்டி எழுதவும் அவர் பழகிவிட்டார் என்பதற்கு இது அடையாளம். பீட்டில்ஸ் பதிவு செய்து வெளியிட்ட இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் ஜார்ஜ் எழுதியவை 22 மட்டுமே.

கிதார் வாசிப்பிலும் அவர் முண்டியடித்தவர் அல்ல. 1964ல் பன்னிரண்டு தந்தி மின்சார கிதாரை அவர் வாசித்த விதம் அமெரிக்கக் கோஷ்டிகளையே புது வழிக்குத் திருப்பியது. ஆனால் பாட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் வாசிப்பார். கச்சேரியில் பாடகரை மீறிப் போகாத நல்ல பிடில் வித்வானை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறுந்த தந்தியும் அங்காடியும்

1965ல் 'ஹெல்ப்' என்ற சினிமாவில் பீட்டில்ஸ் நடித்தார்கள். அதில் இந்திய ஓட்டல் காட்சி ஒன்று. அங்கே வாத்தியம் வாசிக்க வந்தவர்கள் கொண்டுவந்த சித்தாரை ஜார்ஜ் கையில் எடுத்துப் பார்த்தார். ஆசை பிடித்துக்கொண்டது. லண்டனில் இந்தியச் சாமான்கள் விற்கும் கடையில் ஒரு சித்தார் வாங்கினார். அந்த ஆண்டு அக்டோபரில் லெனன் எழுதிய 'நார்வீஜியன் உட்' பாட்டுக்கு அதை வாசித்தார். முறையாகக் கற்றுக்கொள்ளாமல், பாட்டின் மெட்டைத் தொட்டுத் தொட்டு வாசித்ததுதான். அதுவே உலகம் முழுவதும் சித்தார் மோகத்தைக் கிளப்பிவிட்டது.

ஒலிப்பதிவின்போது தந்தி ஒன்று அறுந்தது. சித்தார் தந்திக்கு லண்டனில் எங்கே போவது? ஆசிய இசைச் சங்கம் என்று ஒன்றை நடத்திவந்த அயனா தேவ அங்காடியைக் கேட்கச் சொன்னார்கள். இவர் யார் தெரியுமா? கன்னட நாட்டைச் சேர்ந்தவர். நம் நாட்டுச் சங்கீதத்தை இங்கிலாந்தில் பரப்ப மனைவியோடு சேர்ந்து பாடுபட்டவர். தந்தி கிடைத்தது. பழக்கமும் வளர்ந்தது. 1966 ஜூன் மாதம் அந்த அங்காடி வீட்டில்தான் பண்டிட் ரவிசங்கரை ஜார்ஜ் முதன்முதலாகச் சந்தித்தார். ஒரு தந்தி அறுந்ததால் ஆயுள் முழுக்க நீடித்த உறவு ஒன்று கட்டப்பட்டது!

ரவிசங்கருக்கு 'நார்வீஜியன் உட்' வாசிப்பு பிடிக்கவில்லை. ஆனால் பையனின் பணிவு பிடித்தது. பாடம் சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்.

சித்தாரைத் தாண்டிய கால்

அந்த ஆண்டு செப்டம்பரில் ஜார்ஜ் மனைவியோடு பம்பாய் வந்தார். செய்தி பரவி ரசிகர்கள் ஓட்டலை முற்றுகையிட்டதால், குருவும் சிஷ்யரும் காஷ்மீருக்குப் போய் ஸ்ரீநகரில் தால் ஏரிப் படகு வீட்டில் தங்கினார்கள். ஆறு வாரம் இந்தியாவில் இருந்தார். உட்காரும் முறையிலிருந்து பாடம். கிதாரைப் போல மடியில் அணைத்துக்கொள்ளும் வாத்தியம் அல்லவே சித்தார்! இடுப்பும் முழங்காலும் வலித்தன. விரல் வெட்டுப்பட்டது.

பாட நேரத்தில் நடந்த ஒரு சம்பவத்தை ஜார்ஜே பின்னாளில் சொல்லியிருக்கிறார். டெலிபோன் மணி அடித்தது. எடுப்பதற்காக எழுந்தவர் கீழே கிடந்த சித்தாரைத் தாண்டிக் காலை வைத்தார். காலில் பளீரென்று ஒரு அடி விழுந்தது. வாத்தியத்துக்கு மரியாதை கொடுக்கக் கற்றுக்கொள் என்றார் குரு. உலகமே கொண்டாடிய பீட்டில்சுக்கு அடி! அதற்காக அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. அன்றைக்குத்தான் உண்மையான பாடம் தொடங்கியது என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு 1967ல் அங்காடியின் சங்கத்தைச் சேர்ந்த இந்தியக் கலைஞர்களை வைத்தே ஒரு முழுப் பாட்டைச் செய்தார். 1968 ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. ஸ்டுடியோவுக்கு வந்து, ஷிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சவுராசியா போன்ற கலைஞர்களை வாசிக்கவைத்து ஒரு சினிமாவுக்கு இசையமைத்தார். அதே சமயத்தில் பதிவான 'தி இன்னர் லைட்' என்ற அவருடைய பாட்டு மார்ச் மாதம் பீட்டில்ஸ் இசைத்தட்டின் மறுபக்கத்தில் வந்தது. அடுத்து பிப்ரவரியில் நால்வரும் ரிஷிகேசத்துக்கு வந்து மகரிஷியிடம் தியானம் பயின்ற கதை ஊரறிந்தது.

ஆனால் இவ்வளவு பாடுபட்டவர் 1968லேயே சித்தார் வித்வான் ஆகும் ஆசையை விட்டுவிட்டார். காரணம் என்ன? நீ வளர்ந்த இசை எது, உன் வேர் எங்கே என்று ரவிசங்கர் கேட்டார். ஜார்ஜ் யோசித்தார். சிறு வயதிலிருந்தே நாள் முழுவதும் சாதகம் செய்பவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். இன்னும் பதினைந்து வருஷம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும், இனி நான் அவர்களைப் போல் ஆக முடியாது என்று முடிவு செய்தார். கிதாரைத் திரும்பக் கையில் எடுத்தார்.

கற்றதெல்லாம் வீணா? அதுதான் இல்லை!

வாயால் பாடக்கூடிய வாசிப்பு

சித்தாரை வைத்த பிறகுதான் அவருடைய மிகச் சிறந்த பாட்டுகள் பிறந்தன. 1968ல் தாயார் வீட்டில் இருந்தபோது ஒரு சோதனை செய்தார். எதேச்சையாகப் புத்தகம் ஒன்றைப் பிரிப்பது, முதலில் கண்ணில் படும் சொற்களை வைத்துப் பாட்டுக் கட்டுவது. மெல்ல அழுகிறது என்ற பொருளில் இரண்டு சொற்கள் கண்ணில் பட்டன. அதிலிருந்து கிதார் அழுவதாக ஒரு பாட்டு உருவானது. கோஷ்டியில் மற்றவர்கள் அதில் அக்கறை காட்டவில்லை. ஜார்ஜ் என்ன செய்தார்? தன் நண்பரும் பெரிய கிதார் கலைஞருமான எரிக் கிளாப்டனை ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்து, முக்கியமான கிதார் வாசிப்பை அவரிடமே கொடுத்துவிட்டார். விருந்தாளி வந்தால் வீட்டில் சண்டை அடங்கும் அல்லவா? எல்லோரும் ஒழுங்காக வாசித்தார்கள். தன் பாட்டில் தன் கிதாரே முன்னால் நிற்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. பாட்டு நன்றாக வர வேண்டும், அவ்வளவுதான்.

1969ல் வந்த 'அபே ரோடு' இசைத்தட்டில் அவருடைய பாட்டுகள் இரண்டு. ஒன்று 'சம்திங்'. பீட்டில்ஸ் சிங்கிள் இசைத்தட்டில் முதல் பக்கத்துக்கு வந்த ஜார்ஜின் முதல் பாட்டு. அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ரா இதை மிகப் பெரிய காதல் பாட்டு என்று மேடைதோறும் புகழ்ந்தார். வேடிக்கை என்னவென்றால், லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியது என்று சொல்லி அறிமுகப்படுத்தினார்! லூப் லைன் வண்டி மெயின் லைனுக்கு வந்த பிறகும் பெயர்ப்பலகை மாறவில்லை.

அந்தப் பாட்டின் நடுவில் வரும் கிதார் வாசிப்பை நம் பையன்கள் கூர்ந்து கேட்க வேண்டும். வேகம் இல்லை. விரல் வித்தை இல்லை. ஆர்க்கெஸ்ட்ரா ஒரு பக்கம் பதிவாகிக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஜார்ஜ் அதை வாசித்துப் பதிவு செய்தார். அந்த வாசிப்பை யாரும் வாயால் பாடிவிடலாம். வாயால் பாடக்கூடியதை விரலால் வாசிப்பது நம் சங்கீதத்தில் பால பாடம். வீணையும் பிடிலும் பாட்டைத்தானே பின்பற்றுகின்றன?

இன்னொன்று 'ஹியர் கம்ஸ் தி சன்'. கோஷ்டியின் கம்பெனியில் ஓயாத கணக்கு வழக்குக் கூட்டங்கள். ஒருநாள் கூட்டத்துக்குப் போகாமல் மட்டம் போட்டுவிட்டு கிளாப்டன் வீட்டுத் தோட்டத்துக்குப் போனார். நீண்ட குளிர்காலம் முடிந்து வெயில் வந்திருந்த நேரம். அங்கேயே பாட்டுப் பிறந்தது. கிதாரின் கழுத்தில் ஏழாவது கட்டையில் கவ்வியை மாட்டி வாசித்ததால், தந்தி மணி போல ஒலிக்கிறது. நாலு நாலாகப் போகும் தாளம் நடுவில் மூன்று மூன்றாக உடைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, சரியான இடத்தில் வந்து சேருகிறது. கேட்டால் மிருதங்க வித்வான் தீர்மானம் வைப்பது நினைவுக்கு வரும். குழந்தையும் பாடக்கூடிய பாட்டில் இவ்வளவு கணக்கு!

குழலும் கோட்டுவாத்தியமும்

1969 கடைசியில் ஒரு அமெரிக்கக் கோஷ்டியோடு சுற்றுப்பயணம் போனபோது, ஜார்ஜ் ஸ்லைடு வாசிப்பைக் கையில் எடுத்தார். கண்ணாடி அல்லது உலோகக் குழல் ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு, தந்தியின் மேல் வழுக்கி வழுக்கி வாசிப்பது. கட்டைக்குக் கட்டை தாவாமல், ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு இழைந்து போகலாம். இதைப் படித்தவுடன் உங்களுக்குக் கோட்டுவாத்தியம் நினைவுக்கு வந்திருக்கும். மெட்டு இல்லாத வாத்தியத்தில் உருட்டுக் கட்டையை ஓடவிட்டு வாசிப்பார்களே, தத்துவம் ஒன்றுதான். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இந்த வாசிப்பை வெகுகாலமாகவே வளர்த்துவந்தார்கள்.

மற்றவர்கள் வாசித்த ஸ்லைடுக்கும் ஜார்ஜின் ஸ்லைடுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவருடையது ஆரவாரம் செய்யாது. சுரத்தின் ஓரத்தைத் தொட்டு, கொஞ்சம் நின்று, மெல்ல அடுத்ததில் இறங்கும். சித்தாரில் தந்தியை இழுத்து வாசிக்கும் மீண்டும், நம் கர்நாடக சங்கீதத்தில் ஜாரு என்கிற கமகமும் பழகிய காதுக்கு இது எங்கிருந்து வந்தது என்று உடனே தெரியும். மூன்று வருஷம் சித்தார் படித்தவர் சித்தார் வித்வான் ஆகவில்லை. ஆனால் அவர் கிதார் வேறு கிதாராகிவிட்டது.

1970ல் பீட்டில்ஸ் கலைந்தது. காத்திருந்த பாட்டுகள் எல்லாம் வெளியே வந்தன. நவம்பரில் மூன்று தட்டுகள் கொண்ட 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' வெளியாயிற்று. பீட்டில்ஸ் ஒத்திகையில் எடுபடாமல் போனவையும் அதில் உண்டு. அதிலிருந்த 'மை ஸ்வீட் லார்ட்' அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடத்துக்கு ஏறியது. கிறிஸ்தவர்களின் அல்லேலூயாவும் நம் பஜனைக் கிருஷ்ண நாமமும் ஒரே பாட்டில் வரும். தொடக்கத்திலேயே அந்த இழையும் கிதார்.

கோர்ட்டுக்குப் போன மெட்டு

அந்தப் பாட்டே அவருக்குத் தலைவலியாகவும் ஆனது. 1963ல் ஒரு பெண்கள் கோஷ்டி பாடிப் பிரபலமான வேறொரு பாட்டின் மெட்டை இது ஒத்திருக்கிறது என்று உரிமைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1976ல் நியூயார்க் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். வேண்டுமென்று திருடவில்லை. ஆனால் எப்போதோ கேட்ட மெட்டு அடிமனத்தில் தங்கி, தெரியாமலே வெளியே வந்திருக்கிறது. அதுவும் உரிமை மீறல்தான்.

இந்தத் தீர்ப்பு பாட்டுக் கட்டுகிற எல்லோருக்கும் பாடம். நாள் முழுக்கப் பிறர் வாசிப்பையே நகல் எடுத்துப் பழகினால், நம் மனத்தில் ஊறுவதும் அதுவாகத்தான் இருக்கும். ஜார்ஜ் கொஞ்ச காலம் பாட்டு எழுதப் பயந்தார் என்பது உண்மை. ஆனால் ஒதுங்கிவிடவில்லை. அந்த வழக்கையே கேலி செய்து 1976ல் புதுப் பாட்டு ஒன்று எழுதி வெளியிட்டார்!

பசித்தவர்களுக்காக ஒரு கச்சேரி

1970 நவம்பரில் அன்றைய கிழக்கு பாகிஸ்தானைப் பெரும் புயல் தாக்கியது. அடுத்த ஆண்டு போர் மூண்டது. லட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். ரவிசங்கரின் பூர்வீகம் வங்காளம். அவர் மனம் துடித்தது. ஒரு கச்சேரி வைத்து இருபத்தையாயிரம் டாலராவது திரட்ட வழி உண்டா என்று சிஷ்யரைக் கேட்டார்.

ஜார்ஜ் சில வாரங்களுக்குள் நண்பர்களை எல்லாம் திரட்டினார். பாப் டைலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார் வந்தார்கள். 1971 ஆகஸ்டு 1ந் தேதி நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் இரண்டு காட்சிகள். நாற்பதினாயிரம் பேர் கேட்டார்கள். முதலில் ரவிசங்கர், சரோத் மேதை அலி அக்பர் கான், தபேலா அல்லா ரக்கா. சுருதி சேர்த்து முடித்தவுடன் கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசித்தீர்கள் என்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்ற பொருளில் ரவிசங்கர் புன்னகையோடு சொன்னார்.

இரண்டு காட்சிகளில் மட்டும் வசூலானது 2,43,418 டாலருக்கு மேல். அது ஐ.நா. குழந்தைகள் நிதிக்குப் போனது. இசைத்தட்டிலும் சினிமாவிலும் வந்த பணம் வரித் தகராறுகளில் வெகுகாலம் முடங்கிக் கிடந்தது என்பது வருத்தமான விஷயம். ஆனாலும் துன்பப்படும் மக்களுக்காக ராக் கலைஞர்கள் பெரிய அளவில் மேடை ஏறும் வழக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்தச் சமயத்துக்கென்றே வங்கதேசம் பற்றி ஒரு பாட்டும் எழுதினார் ஜார்ஜ். கண்ணெதிரே நடப்பதைப் பாட்டாக்கத் தயங்கவில்லை.

தென்னாட்டு உறவு

1974ல் ரவிசங்கரோடு சேர்ந்து ஐரோப்பாவிலும், பிறகு வட அமெரிக்காவிலும் இந்தியக் கலைஞர் குழு ஒன்றை மேடை ஏற்றினார் ஜார்ஜ். அந்தக் குழுவில் நமக்குத் தெரிந்த பெயர்கள் உண்டு. பிடில் எல்.சுப்பிரமணியம். பாட்டு லட்சுமி சங்கர். மிருதங்கம் டி.வி.கோபாலகிருஷ்ணன்.

இந்த டி.வி.ஜி.யிடம்தான் இளையராஜா கர்நாடக சங்கீதம் கற்றார். பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜாவும் சென்னையில் கிதார் வாசித்துப் பிழைத்தவர்தான். கன்னடப் பட உலகின் பெரிய இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். கிதார் கைக்குக் கர்நாடக இசை காது கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு அவர் பாட்டுகள் காட்டின. ஆக, ஜார்ஜோடு அமெரிக்க மேடை ஏறிய மிருதங்க வித்வானும், நம் ராஜாவுக்குப் பாடம் சொன்ன ஆசிரியரும் ஒருவரே!

அந்த அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ஜார்ஜின் குரல் கம்மிவிட்டது. பழைய பீட்டில்ஸ் பாட்டுகளை எதிர்பார்த்து வந்தவர்கள் இந்திய இசைக்குப் பொறுமை காட்டவில்லை. பத்திரிகைகள் தாக்கின. குருவை மேடையிலிருந்து இறக்கிவிட்டுக் கைதட்டல் வாங்க ஜார்ஜ் சம்மதிக்கவில்லை.

உறவு கடைசிவரை நீடித்தது. 1996ல் ரவிசங்கர் வேத மந்திரங்களுக்கு இசையமைத்த 'சாண்ட்ஸ் ஆப் இந்தியா' சென்னையிலும், இங்கிலாந்தில் ஜார்ஜின் வீட்டிலும் பதிவானது. தயாரிப்பாளர் ஜார்ஜ் ஹாரிசன். 1997ல் வெளிவந்தது. 2001 நவம்பர் 29ந் தேதி அவர் காலமானார். அடுத்த ஆண்டு அதே தேதியில் லண்டனில் நடந்த அஞ்சலிக் கச்சேரிக்கு ரவிசங்கர் ஒரு புதிய இசையமைத்துக் கொடுக்க, மகள் அனுஷ்கா நடத்தினார்.

நம் ஊர்ப் பாட்டு எங்கே?

அதே 2001ம் ஆண்டு பிப்ரவரி 28ந் தேதி நம் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டு வேலை ஒரே நாளில் நின்றது. அந்தச் சோகத்தைப் பற்றிப் பேச்சு நிறைய இருக்கிறது. மனுக்கள் இருக்கின்றன. வழக்குகள் நடந்தன. சினிமாக்காரர்கள்கூட ஊர் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் நம் பையன்கள் கிதாரில் கட்டிய தங்கவயல் பாட்டுகள் எத்தனை?

பாட்டுக்குப் பொருள் இல்லாத ஊரா இது? ஷிப்டுக்கு ஊதிய சங்கு இருக்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் மலை போல நிற்கிற சயனைடு மேடு இருக்கிறது. பூமிக்கடியில் இரண்டு மைல் ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீட்டுப் பாத்திரம் குலுங்கிய இரவுகளைப் பாட்டிமார் இன்னும் சொல்கிறார்கள். விடியுமுன் பெங்களூருக்குப் புறப்பட்டு, பிள்ளை தூங்கிய பிறகு வீடு திரும்பும் தகப்பன்கள் இருக்கிறார்கள். வரிக்கணக்கைப் பாட்டாக்கினாரே ஜார்ஜ், நமக்குக் குறைவா?

இதைச் செய்ய முடியும் என்று காட்டியவர்களும் உண்டு. 2018 ஜனவரியில் சென்னையில் டைரக்டர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவை மேடை ஏற்றினார்கள். கானாவும் பறையும் சட்டியும் ஒரு பக்கம், மின்சார கிதாரும் டிரம்மும் மறுபக்கம். பாட்டில் வந்ததெல்லாம் அவர்கள் தெருவின் கதை. சாதி இல்லாத தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பண்டிதருக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு பெரியவர்களுக்குத் தெரியும். அவர் காலத்திலேயே மாரிக்குப்பத்தில் அவருடைய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. அவர் மறைந்த பிறகு 'தமிழன்' பத்திரிகை இந்தத் தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளிகள் பத்திரிகை நடத்திய ஊர் இது. பாட்டுக் கட்டவா தெரியாது?

ஜார்ஜ் ஹாரிசனின் வாழ்க்கை சொல்வது இதுதான். முதல் பாட்டு சுமாராகத்தான் வரும். வந்தால் போதும். அடுத்தவரிடம் கற்றுக்கொள்வதில் வெட்கம் இல்லை. கற்றதை மரியாதையோடு கற்க வேண்டும். கடைசியில் தன் கைக்குத் தெரிந்த வாத்தியத்துக்கே திரும்பி வர வேண்டும். அப்போது அந்த வாத்தியம் புதிதாகப் பேசும்.

பிறர் பாட்டை வாசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கை பழக அது வேண்டும். வயிற்றுக்கும் வேண்டும். ஆனால் பத்துப் பாட்டு வாசித்தால் பதினோராவது பாட்டு சொந்தப் பாட்டாக இருக்கட்டும். ராபர்ட்சன்பேட்டையில், ஆண்டர்சன்பேட்டையில் கச்சேரி வைக்கும் சங்கத்தார்களும் கோவில் கமிட்டிகளும் மனம் வைத்தால், ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு பாட்டு நேரத்தை இதற்கென்று ஒதுக்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டால் போதும். லூப் லைனில் வண்டிகள் நிற்கின்றன. சிக்னல் போட வேண்டியது நாம்தான்.